குத்தகைக்கு விட்ட சிறையும் கணக்குக் கேட்கும் அரசும்

2022 செப்டம்பர் இறுதியில், மும்பையை அடுத்த தலோஜா சிறையிலிருந்து தம்மை வீட்டுக்காவலுக்கு மாற்றக் கோரி மனித உரிமைச் செயற்பாட்டாளர் கௌதம் நவ்லகா தொடுத்த மனு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, நீதிபதி கே.எம். ஜோசப் வாய்மொழியாக ஒரு கருத்தைச் சொன்னார். ஐரோப்பாவில் தனியார் சிறைகள் இருக்கின்றன, நெரிசலில் தவிக்கும் நம் நாட்டிலும் பெருநிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியைக் கொண்டு சிறை கட்டித் தர முன்வரலாமே என்பது அதன் சாரம். அது ஆணையன்று, விசாரணையின் போக்கில் எழுந்த ஒரு யோசனை மட்டுமே. அதே வழக்கில் பிற்பாடு வீட்டுக்காவல் அனுமதிக்கப்பட்டு, அதற்கான காவல் செலவாக 1.64 கோடி ரூபாய் தரவேண்டும் என்று தேசியப் புலனாய்வு முகமை அவரிடமே கேட்டதும், 2024 மே மாதம் அவர் ஜாமீனில் வெளிவர வழிவிட்ட உச்ச நீதிமன்றம் 20 லட்சம் ரூபாய் செலுத்தச் சொன்னதும் செய்திகளில் வந்தன. காவலில் இருப்பவர் தலையில் காவலின் செலவு விழுந்த அந்த விநோதத்தை யாரும் அதிகம் பேசவில்லை. தனியார் சிறை என்ற யோசனையைப் பலரும் பேசினார்கள்.

ஜனக்புரியில் எங்கள் தமிழ் நண்பர் வட்டத்தில் அந்த யோசனைக்கு நல்ல வரவேற்பு இருந்தது. பெரும்பாலோர் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அரசு எப்படி இயங்கும் என்பதை உள்ளிருந்து பார்த்ததாலேயே அதன்மேல் நம்பிக்கை குறைந்தவர்கள். "2002-ல் மின்விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்த பிறகுதானே சார் டெல்லியில் கரண்ட் ஒழுங்காக வருகிறது? சிறைக்கு மட்டும் என்ன வந்தது?" என்று கேட்டார் ஒருவர். நான் தணிக்கைத் துறையில் இருந்தவன். ஒப்பந்தம், விலைப்பட்டியல், வருகைப் பதிவேடு, அபராதக் கழிவு என்று பணிக்காலம் முழுவதும் பிறர் எழுதிய கணக்கைப் படித்தே கழித்தவன் என்பதால் அவருடைய கேள்வியை என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை. தனியார் என்றாலே தீமை என்ற கட்சி எனக்கு இல்லை. ஆனால் மின்சாரம் சரியாக வருகிறதா என்பதை அதைப் பயன்படுத்துபவரே சொல்லிவிடுவார், சரியில்லை என்றால் தெருவில் இறங்கிக் கூச்சலிடுவார். சிறையைப் பயன்படுத்துபவர் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறார். அவருடைய குரல் வெளியே வருவதா வேண்டாமா என்பதையே அந்த நிர்வாகிதான் தீர்மானிக்கிறார். அப்படிப்பட்ட சேவையை ஒப்பந்தத்துக்கு விடும்போது அரசின் கையில் எது மிஞ்ச வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நெரிசல் உண்மை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் 1,330 சிறைகளில் 4,36,266 பேருக்கு இடம் உண்டு. இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கும் மேல் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். ஆகவே கட்டடம் வேண்டும் என்பதில் தகராறு இல்லை. கட்டடத்தைத் தனியார் கட்டுவதும், சமையலையும் துப்புரவையும் ஒப்பந்ததாரர் செய்வதும் ஒரு வகை. ஆளைப் பூட்டி வைத்து, அவர் எப்போது எழ வேண்டும், யாரைப் பார்க்கலாம், எந்தக் குற்றத்துக்கு எந்த அறையில் தனியே கிடக்க வேண்டும் என்று முடிவு செய்வது முற்றிலும் வேறு வகை. பிரிட்டனும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் இந்த இரண்டாவதையே ஒப்பந்தத்துக்கு விட்டன.

அமெரிக்காவில் இது 1983-ல் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் தொடங்கப்பட்ட சி.சி.ஏ. (கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா) என்ற நிறுவனத்தோடு வேர்விட்டது. 2016-ல் அது கோர்சிவிக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்த நிறுவனம் ஐடஹோ மாநிலத்தில் நடத்திய சிறை ஒன்றின் கதையை ஒரு தணிக்கையாளனாக நான் மிகுந்த பரிச்சயத்தோடு படித்தேன். கைதிகளுக்கிடையேயான வன்முறையால் அந்தச் சிறைக்கே கிளாடியேட்டர் பள்ளி, அதாவது சாகும்வரை மோதும் வீரர்களின் பள்ளி என்ற ஒரு பட்டப்பெயர் ஏற்பட்டிருந்தது. ஒவ்வொரு ஷிப்டிலும் இத்தனை காவலர் பணியில் இருப்பார்கள் என்பது ஒப்பந்தம். 2013-ல், அதற்கு முந்தைய ஆண்டின் சில மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 4,800 மணி நேரக் காவல் பணி நடக்காமலே நடந்ததாகப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2014-ல் 10 லட்சம் டாலர் கொடுத்து மாநிலத்தோடு சமரசம் செய்துகொண்டது. அதே ஆண்டு ஜூலையில் சிறை அரசின் கைக்குத் திரும்பியது. மஸ்டர் ரோலில் பெயர் இருக்கும், களத்தில் ஆள் இருக்காது என்பது நம் ஊர் ஒப்பந்தங்களைப் பார்த்தவர்களுக்குப் புதிதா என்ன? பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு நிறுவன வளாகத்தின் காவல் ஒப்பந்தத்தைத் தணிக்கை செய்தபோது, கையெழுத்துகள் அத்தனையும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மழை நாளிலும் திருவிழா நாளிலும் பிசகாத ஒழுங்கோடு இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அங்கே ஆள் இல்லாததால் நட்டம் சில லட்சம் ரூபாய். சிறையில் காவலர் இல்லாத அந்த மணி நேரத்தில் பூட்டிய பிரிவுக்குள் அடிபடுகிறவர் ஒரு மனிதர்.

ஐடஹோவில் என்னை யோசிக்க வைத்தது பொய்க்கணக்கு எழுதப்பட்டதன்று. கூலி கொடுக்கும் இடத்தில் ஆளைக் குறைத்து லாபம் பார்ப்பது எந்த ஒப்பந்ததாரருக்கும் தோன்றக்கூடியதே, ஏனென்றால் சிறையின் செலவில் பெரும்பகுதி சம்பளம்தான். அந்தக் கணக்கை மாதாமாதம் வாங்கிப் பார்த்துப் பணம் கொடுத்த அரசுக்கு அது தெரியாமல் போனதுதான் விஷயம். பத்திரிகையாளர்களின் விடாமுயற்சியும் கைதிகள் தொடுத்த வழக்கும் இல்லாதிருந்தால் அது இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ.

அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை இதே இடத்தைத் தொட்டது. கூட்டாட்சிச் சிறைத்துறைக்காகத் தனியார் நடத்திய 14 சிறைகளை, அவற்றோடு ஒப்பிடத்தக்க 14 அரசுச் சிறைகளோடு அது ஒத்துப் பார்த்தது. பாதுகாப்பு தொடர்பான எட்டு வகைகளில் ஆறில் தனியார் சிறைகளின் நிலை மோசமாக இருந்தது; சராசரியாக எட்டு மடங்கு அதிகக் கள்ள செல்போன்கள் அங்கே பிடிபட்டன. போதைப்பொருள் சோதனை, பாலியல் ஒழுங்கீனம் ஆகிய இரண்டில் அரசுச் சிறைகள்தான் பின்தங்கியிருந்தன என்பதையும் அதே அறிக்கை நேர்மையாகச் சொன்னது. இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அரசின் சார்பில் அந்தச் சிறைகளிலேயே இருந்து மேற்பார்த்தவர்கள் பயன்படுத்திய சரிபார்ப்புப் பட்டியலைப் பற்றி அது சொன்னது. கைதிக்கு அடிப்படை மருத்துவச் சேவை உண்மையில் கிடைத்ததா என்று உறுதிசெய்யும் வழி அந்தப் பட்டியலில் போதுமானதாக இல்லை. பார்வையிட்ட சிறைகளில் இரண்டில், படுக்கை இல்லை என்பதற்காகவே புதிதாக வந்த கைதிகள் தண்டனைக்குரிய தனிப்பிரிவில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. அறிக்கை வந்த ஒரே வாரத்துக்குள் அன்றைய துணை அட்டர்னி ஜெனரல் சாலி யேட்ஸ் இந்த ஒப்பந்தங்களைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னார். 2017-ல் அடுத்த அரசு அதை ரத்து செய்தது. 2021-ல் பைடன் மீண்டும் ஆணையிட்டார். 2025 ஜனவரியில் பதவியேற்ற நாளிலேயே டிரம்ப் அதையும் நீக்கினார். ஆட்சிக்கு ஆட்சி ஆணைகள் இப்படிப் புரண்டுகொண்டிருக்க, பட்டியலில் எதைச் சேர்ப்பது என்ற சலிப்பூட்டும் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

தரச்சான்று என்று ஒன்று உண்டே என்று கேட்கலாம். அமெரிக்கச் சீர்திருத்தச் சங்கம் என்ற அமைப்பு சிறைகளுக்கு அங்கீகாரம் வழங்குகிறது, பல ஒப்பந்தங்களில் அது கட்டாயம். ஆனால் அங்கீகாரத்துக்கான கட்டணத்தைச் செலுத்துவது அங்கீகாரம் கேட்கும் சிறைதான். ஆய்வுக்கு வரும் நாளும் முன்கூட்டியே தெரியும். செனட்டர் எலிசபெத் வாரன் 2020-ல் வெளியிட்ட அறிக்கை இதைக் கடுமையாகச் சாடியது. ஆய்வு நாள் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அமைச்சர் வருகைக்கு முந்தைய இரவு நம் மருத்துவமனைகளில் சுண்ணாம்பு வாசனை வீசுவதை எல்லோரும் முகர்ந்திருக்கிறோம்.

பிரிட்டனில் ஏற்பாடு இதைவிடச் சிந்தித்துச் செய்யப்பட்டது. 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒப்பந்தச் சிறைக்கு நிறுவனம் ஓர் இயக்குநரை நியமிக்கும். அவரருகிலேயே அவரை மேற்பார்க்கும் அரசின் ஊழியராகிய கன்ட்ரோலர் ஒருவர் இருப்பார். கைதிகள்மீதான ஒழுங்கு நடவடிக்கை விசாரணையைத் தொடக்கத்தில் சட்டம் இயக்குநரிடம் தரவில்லை. லாபத்துக்காக நடத்துபவர் தண்டனையும் விதிக்கக் கூடாது என்ற கூச்சம் அப்போது இருந்தது. 2007-ல் வந்த இன்னொரு சட்டம் அந்தக் கூச்சத்தையும் போக்கிவிட்டது. இவற்றுக்கு வெளியே, அரசுச் சிறை, தனியார் சிறை என்ற வேறுபாடின்றி முன்னறிவிப்பில்லாமல் நுழையக்கூடிய தலைமை ஆய்வாளர் உண்டு. அந்தந்த ஊர்க் குடிமக்கள் அடங்கிய சுதந்திரக் கண்காணிப்புக் குழு ஒவ்வொரு சிறைக்கும் உண்டு.

இத்தனையும் இருந்தும் பர்மிங்காம் சிறை சீரழிந்தது. அரசு நடத்திவந்த அந்தச் சிறையை 2011-ல் ஜி4எஸ் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஏற்றது. 2016 டிசம்பரில் அங்கே பெரும் கலவரம். 2018 கோடையில் தலைமை ஆய்வாளர் பீட்டர் கிளார்க் நுழைந்தபோது போதைப்பொருள் புகை நடைவழியெங்கும் மண்டியிருந்தது, ஊழியர்கள் அறைகளுக்குள் ஒளிந்துகொண்டிருந்தார்கள், ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே ஊழியர்களின் வண்டி நிறுத்துமிடத்தில் கார்கள் கொளுத்தப்பட்டன. அவர் அவசர அறிவிப்பு கொடுத்த சில நாள்களில் அரசு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்து, முந்நூறு கைதிகளை வேறிடம் அனுப்பி, கூடுதல் ஊழியர்களை இறக்கியது. அடுத்த ஆண்டு ஒப்பந்தமே முடிவுக்கு வந்தது. அரசின் கன்ட்ரோலர்கள் அந்தச் சிறைக்குள்ளேயே அமர்ந்திருந்த காலத்தில் இவ்வளவும் நடந்தது எப்படி என்று கிளார்க் கேட்டதுதான் என்னைப் பொறுத்தவரை அந்த அறிக்கையின் உயிர். தினமும் ஒரே கட்டடத்தில் தேநீர் குடிக்கும் மேற்பார்வையாளருக்கு அந்தக் கட்டடத்தின் நாற்றம் பழகிப்போகும். உள்ளே இருப்பவர் வேண்டும், ஆனால் அவர் போதாது. அவருக்கும் மேலே, அவரையும் சேர்த்து மதிப்பிடுகிற, வெளியிலிருந்து திடீரென்று வருகிற ஒருவர் வேண்டும்.

தனியாரிடம் கொடுக்காமலே இந்தச் சிக்கலின் ஒரு முகத்தை டெல்லித் தமிழர்களாகிய நாங்கள் அருகிலிருந்து பார்க்கிறோம். ஜனக்புரியை ஒட்டிய ஜெயில் ரோட்டில் திகார் வளாகம் ஒன்பது மத்தியச் சிறைகளோடு நீண்டு கிடக்கிறது. நிர்வாகம் டெல்லி சிறைத்துறையிடம் இருந்தாலும் பாதுகாப்பில் மத்தியப் படைகளோடு தமிழ்நாடு சிறப்புக் காவல் படையும் பல பத்தாண்டுகளாகப் பங்கேற்கிறது. விடுப்பு நாளில் நம் கடைகளில் புழுங்கலரிசியும் நல்லெண்ணெயும் வாங்க வரும் அந்தக் காவலர்களை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சொந்தக்காரர்களைப் போலவே பார்க்கும். உள்ளூர்க் கைதிகளின் மொழி தெரியாததால் அவர்களோடு கூட்டுச் சேர மாட்டார்கள் என்பதுதான் அவர்களை அழைத்ததற்கான காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2023 மே 2 அன்று எட்டாம் எண் சிறையில் தில்லு தாஜ்பூரியா என்ற கைதியை எதிர்க்குழுவினர் குத்திக் கொன்றனர். அவரைத் தூக்கிச் செல்லும்போதும் தாக்குதல் தொடர, அருகிலிருந்த காவலர்கள் தடுக்காமல் நின்றதைக் கேமரா பதிவு நாட்டுக்கே காட்டியது. அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். டெல்லி சிறைத்துறைத் தலைவர் தமிழ்நாட்டுக் காவல்துறைக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஏழு பேரைத் தமிழ்நாட்டுக் காவல்துறைதான் இடைநீக்கம் செய்து திரும்ப அழைத்துக்கொண்டது. திகாரின் வாசலைக் காப்பவர்மேல் திகாரின் தலைவருக்கு நேரடி ஒழுங்கு அதிகாரம் இல்லை. இரண்டு அரசுத் துறைகளுக்கு இடையிலேயே பொறுப்பு இப்படி இரண்டாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்கிறதென்றால், நடுவில் ஒரு நிறுவனமும், அதன் துணை ஒப்பந்ததாரரும், அவர்களுடைய வழக்கறிஞர்களும் வந்து நின்றால் எங்கே போய்ச் சேரும்? காவலருக்குச் சம்பளம் கொடுப்பவர், ஆணையிடுபவர், தண்டிப்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறாக இருந்தால், எதற்கு யார் பதில் சொல்வது என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மொழி தெரியாத காவலர் பற்றிய அந்த வாதத்தையும் ஒருமுறை உரசிப் பார்க்கலாம். மிசிசிப்பி மாநிலத்து நாட்செஸ் ஊரருகே சி.சி.ஏ. நடத்திய ஆடம்ஸ் கவுண்டி சிறையில் 2012 மே மாதம் கலவரம் வெடித்து ஒரு காவலர் கொல்லப்பட்டார். கைதிகளில் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசும் வெளிநாட்டவர். ஊழியர்களில் அம்மொழி அறிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உணவும் மருத்துவமும் மோசம் என்ற குறை நெடுநாளாகப் புகைந்தும் மேலே போய்ச் சேராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் பிறகு எழுதினார். ஆனாலும் இத்தனை ஊழியருக்குக் கைதிகளின் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்டிருக்கவில்லை. ஒப்பந்தம் கேட்காததை ஒப்பந்ததாரர் தர மாட்டார்.

பணம் கொடுக்கும் முறையிலும் இதே கதைதான். அமெரிக்க மாநிலங்கள் சில தங்கள் ஒப்பந்தங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, ஏன் நூறு படுக்கைகளுக்கும் குறைந்தபட்ச நிரப்பு உறுதி கொடுத்திருக்கின்றன. அரிசோனாவில் அப்படி உண்டு. படுக்கை காலியாக இருந்தாலும் பணம் போகும், ஆகவே குற்றம் குறைந்தால் அரசுக்கு நட்டம். தென்னாப்பிரிக்கா 2001-ல் புளூம்ஃபான்டெய்னில் திறந்த மங்காவுங் சிறையை நீண்டகால ஒப்பந்தத்தில் ஜி4எஸ் குழுமத்திடம் கொடுத்தது. 2022 மே மாதம் தாபோ பெஸ்டர் என்ற கைதி தன் அறையில் தீவைத்துக்கொண்டு இறந்ததாகப் பதிவானது. எரிந்து கிடந்தது வேறொருவரின் உடல் என்பதை கிரவுண்ட்அப் என்ற சிறிய செய்தித்தளம் விடாமல் எழுதி வெளியே கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் அவர் தான்சானியாவில் பிடிபட்டார். அந்த ஆண்டில்தான் அரசு நிர்வாகத்தில் தலையிட்டது. பத்து மாதங்கள் ஒரு சிறையின் பேரேட்டில் இறந்தவராக இருந்தவர் உயிரோடு உலவிக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தம் நன்றாக எழுதப்பட்டால் விளைவும் மாறும் என்பதற்கு நியூசிலாந்து ஓரளவு சாட்சி. ஆக்லாந்தின் மவுண்ட் ஈடன் சிறையைச் செர்கோ நிறுவனம் நடத்தியபோது, கைதிகளை மோதவிட்டு எடுத்த காணொளிகள் 2015-ல் யூடியூபில் பரவின. ஜூலையில் அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அதே நிறுவனம், அதே நகரத்தின் தெற்கே, அதே ஆண்டில் திறந்த இன்னொரு சிறையைத் தொடர்ந்து நடத்திவருகிறது. விடுதலையானவர்கள் மீண்டும் குற்றம் செய்து திரும்புவது குறைந்தால் கூடுதல் தொகை என்ற நிபந்தனை அந்த ஒப்பந்தத்தில் உண்டு. இதை நான் தனியாருக்கான பரிந்துரையாகச் சொல்லவில்லை. ஒரே கை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொண்டது என்றால், எதற்குக் காசு கொடுத்தோம் என்பது பொருட்படுத்தத்தக்கது என்றே சொல்கிறேன்.

இனி நம் சட்டத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன. 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் தனியார் நிர்வாகி என்ற ஒருவரை அறியாது. டெல்லிக்கென்று 2000-ல் தனிச்சட்டமும் 2018-ல் தனிவிதிகளும் வந்தன, அவையும் அரசு நடத்தும் சிறையையே மனத்தில் கொண்டவை. ஆகவே ஒரு மாநிலம் இதில் இறங்கினால் மேற்பார்வையின் விதிகளை முதலிலிருந்து எழுத வேண்டும். அங்கேதான் மின்சாரத்தை உதாரணம் காட்டிய நண்பருக்கு நான் ஒன்றை நினைவூட்டினேன். டெல்லியின் தனியார் மின்விநியோக நிறுவனங்களின் கணக்குகளைத் தலைமைத் தணிக்கையாளர் ஆராய வேண்டும் என்று 2014-ல் டெல்லி அரசு ஆணையிட்டது. 2015 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாய்க் கணக்கைத் தணிக்கை செய்யலாம் என்று அதற்கு முந்தைய ஆண்டுதான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதாவது தணிக்கையாளர் உள்ளே வரலாமா என்பதே வழக்காடித் தீர்மானிக்க வேண்டிய விஷயமாகிவிடுகிறது. தகவல் உரிமைச் சட்டத்திலும் இதே நிலை. கணிசமாக அரசு நிதி பெறும் அமைப்புக்கு அது பொருந்தும் என்று சட்டம் சொன்னாலும், வணிக இரகசியம் என்ற விலக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒரு சிறையில் இரவுப் பணியில் எத்தனை பேர் என்பது வணிக இரகசியமா? நிறுவனம் ஆம் என்றுதான் சொல்லும். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் தகவல் உரிமைச் சட்டம் தனியார் சிறை நிறுவனங்களை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை, அதை மாற்றக் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் பலமுறை தேங்கிப்போயின.

காவலை வெளியாரிடம் விடுவது நமக்கு முற்றிலும் புதிதுமன்று. அரசு நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சிறார் இல்லங்கள் அப்படிப்பட்டவையே. பீகாரின் முசாஃபர்பூர் இல்லத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சிறுமியர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது 2018-ல் வெளியானது. அதற்கு முன்பும் அதிகாரிகள் அங்கே வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள், பதிவேடுகளில் கையெழுத்திட்டார்கள். டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்திலிருந்து வந்த குழு அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியது, உண்மை வந்தது. வழக்கு டெல்லிக்கு மாற்றப்பட்டு 2020 ஜனவரியில் சாகேத் நீதிமன்றம் பத்தொன்பது பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தபோது நாளிதழில் அதைப் படித்த நான், அந்தக் குழுவின் முறையைத்தான் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். கட்டடத்தையும் காகிதத்தையும் பார்ப்பது ஆய்வின் பாதி. அடைபட்டிருப்பவரோடு நிர்வாகி காதில் விழாமல் பேசுவதே மறுபாதி. சுனில் பத்ரா வழக்கில், திகாரில் ஒரு கைதி வதைக்கப்பட்டதை இன்னொரு கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1979 டிசம்பரில் தந்த தீர்ப்பு, மாவட்ட நீதிபதிகள் சிறைக்குச் சென்று கைதிகளைச் சந்திக்க வேண்டும், குறைகளைப் போடப் பெட்டி வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது இதற்காகத்தான். அதிகாரிகளும் பொதுமக்களும் அடங்கிய பார்வையாளர் குழு என்ற ஏற்பாடு நம் சிறைக் கையேடுகளில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. பல சிறைகளில் குழு அமைக்கப்படுவதில்லை, அமைக்கப்பட்டாலும் கூடுவதில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-ல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை என்பதால், அரசு, தனியார் எந்தக் காவலிடத்துக்கும் வெளியாய்வு வேண்டும் என்று சொல்லும் அதன் துணை நெறிமுறையும் நம்மைக் கட்டுப்படுத்தாது.

இந்த வாதங்களையெல்லாம் ஒரே வீச்சில் தாண்டிச் சென்றது இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம். பீர்ஷெபா அருகே தனியார் சிறை கட்டிமுடிக்கப்பட்டுத் திறக்கக் காத்திருந்த நிலையில், 2009 நவம்பரில், அதற்கு வழிசெய்த 2004-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தை எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அது செல்லாது என்றது. அங்கே உணவும் இடமும் அரசுச் சிறையைவிட மேலாகவே இருந்தாலும், லாபத்துக்காக இயங்கும் ஒருவரிடம் ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கும் அதிகாரத்தைத் தருவதே அவருடைய கண்ணியத்துக்கு ஊறு என்பது தலைமை நீதிபதி டோரிட் பெய்னிஷ் எழுதிய தீர்ப்பின் அடிநாதம். எனக்கு அந்தத் தீர்ப்பின்மீது மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் அரசுச் சிறையில் நூறு பேர் இடத்தில் இருநூறு பேர் முறைவைத்து உறங்கும் நாட்டிலிருந்து படிக்கும்போது, அரசின் சீருடை மட்டுமே கண்ணியத்துக்கு உத்தரவாதம் என்று என்னால் நம்ப முடிவதில்லை. என் தடை வேறிடத்தில் இருக்கிறது.

மேலே சொன்ன நிகழ்வுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முடிந்தன: ஐடஹோ, பர்மிங்காம், மவுண்ட் ஈடன், மங்காவுங் எல்லாவற்றிலும் கடைசியில் அரசு உள்ளே நுழைந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டது. ஒப்பந்தத்தில் எத்தனை அபராதப் பிரிவு இருந்தாலும், நாளைக் காலை உன்னிடமிருந்து இதை எடுத்து நானே நடத்துவேன் என்று சொல்லக்கூடிய பயிற்சி பெற்ற ஆள்பலம் அரசிடம் இருந்தால்தான் அந்த அபராதங்களுக்குப் பல் இருக்கும். பிரேசிலின் மனாவ்ஸ் நகரில் தனியார் நிர்வாகத்தில் இருந்த சிறையில் 2017 புத்தாண்டு நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அரசும் நிறுவனமும் இரண்டுமே உள்ளே குற்றக்குழுக்களிடம் அதிகாரத்தை இழந்திருந்த இடம் அது. நம் சிறைகளில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று காலி. மருத்துவரும் நல அலுவலரும் இன்னும் அரிது. தன் சிறைகளுக்கே ஆள் போட முடியாததால் தனியாரை அழைக்கும் அரசு, அந்தத் தனியாரை மேற்பார்க்கவும், வேண்டியபோது மாற்றவும் ஆளை எங்கிருந்து கொண்டுவரும்? பற்றாக்குறையால் அழைப்பவர் பிறகு பேரம் பேச முடியாது என்பது சிறுவயதில் வட்டிக்கடைப் படியேறியவர்களுக்குத் தெரியும்.

நண்பர்களிடம் நான் கடைசியாகச் சொன்ன உதாரணம் இன்னும் சிறியது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, முதன்முறையாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றிலொரு பங்கையும், மற்றவர்கள் பாதியையும் விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, ஜாமீனில் விட வழிசெய்கிறது. அந்த நாள் வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டிய கடமையைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளர் மீதே சுமத்தியிருக்கிறது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, கண்காணிப்பாளர்களை முடுக்கியது. அரசுக் கண்காணிப்பாளர் சோம்பலால் அந்த விண்ணப்பத்தைத் தாமதப்படுத்தலாம். அதனால் அவருக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. தலைக்கு இத்தனை ரூபாய் என்று நாளொன்றுக்குக் கணக்கிட்டு வாங்கும் நிறுவனத்தின் கண்காணிப்பாளர் எழுதும் ஒவ்வொரு விண்ணப்பமும் தன் முதலாளியின் மாதப் பட்டியலிலிருந்து ஒரு வரியை அடிப்பதாகும். நன்னடத்தைக்கான தண்டனைக் கழிவு நாள்களைப் பரிந்துரைப்பதும், ஒழுங்கீனத்துக்காக அவற்றைக் குறைப்பதும் அதே மேசையில்தான் நடக்கின்றன. எந்த மாநிலமாவது இப்படியொரு டெண்டரை வெளியிட்டால், கட்டடத்தின் சதுர அடியையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கைதியின் தேதிகளைக் குறிக்கும் பதிவேடும், 479-ஆம் பிரிவின்கீழ் கையெழுத்திடும் அதிகாரமும் அரசு ஊழியரிடம் இருக்கின்றனவா என்றுதான் நான் முதலில் தேடுவேன். மின்சாரத்தைச் சொன்ன நண்பர் சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் அந்த அரசு ஊழியர் பணியிடம் காலியாக இருக்காது என்பதற்கு யார் உத்தரவாதம் என்று கேட்டார். அதற்கும் ஒரு பிரிவு ஒப்பந்தத்தில் வேண்டும் என்றேன்: அந்தப் பணியிடம் நிரப்பப்படாதவரை புதிய கைதி ஒருவரையும் அந்தச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று அரசையே கட்டுப்படுத்தும் பிரிவு.